உரித்தெடுத்த குரல்

ஒரு பாட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுத்தால் முதலில் காதில் விழுவது பாட்டு அல்ல, எச்சில். நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம், உதடு திறக்கும்போது வரும் சின்ன வெடிப்பு, மூக்குக்குள் காற்று உரசுவது, தொண்டை விழுங்குவது. வயலினும் கிடாரும் தபலாவும் இத்தனை நாள் மரியாதையாக மூடி வைத்திருந்ததெல்லாம் அம்மணமாக எதிரே வந்து நிற்கும். பதினான்கு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எத்தனையோ தேன்குரல்காரர்களின் வாய்க்குள் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்களை நேரில் பார்த்தால் கைகுலுக்கக்கூடத் தோன்றாது. ஆனாலும் அது மனுஷ எச்சில், துடைத்துப் போட்டால் தீர்ந்தது. என் அண்ணன் என்னிடம் கேட்ட வேலைதான் அருவருப்பு. அதைச் செய்து கொடுத்த என் கை அதைவிட அருவருப்பு.

அண்ணன் இசையமைப்பாளர். அப்படித்தான் வாசலில் எழுதி வைத்திருக்கிறான். இரண்டு அறை, நடுவில் ஒரு கண்ணாடி, தண்ணீர் சொட்டும் ஒரு ஏசி, இதுதான் ஸ்டூடியோ. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் ஒட்டிய பஞ்சுப் பலகைகளில் ஈரம் ஏறி, அறைக்குள் எப்போதும் நனைந்த துணியின் வாடை. ஹெட்போனின் உறை உரிந்து, கழற்றும்போதெல்லாம் காதில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வரும். புதுசு வாங்கு என்று மூன்று வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்லியாகிவிட்டது. அண்ணன் யோசிக்கிறேன் பேர்வழி என்று மிக்ஸரின் முன்னால் உட்கார்ந்து நகம் வெட்டுவான். வெட்டின துண்டுகள் பட்டன்களுக்கு நடுவே போய் விழும். அவன் போன பிறகு நான் பெயிண்ட் பிரஷ் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளி எடுப்பேன். ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் என் வேலை. பாட்டிலிருந்து எதையும் சுத்தமாக வெட்டி எடுப்பேன் என்பதால் தங்கச்சியான எனக்கு அவன் வைத்த பெயர் கத்திரி. நகம் பொறுக்குவதற்கு அவன் பெயர் எதுவும் வைக்கவில்லை.

அவன் வாழ்க்கையில் உருப்படியாகப் போட்டது ஒரே ஒரு பாட்டு. அந்தப் படம் ஒரு வாரம் ஓடியது. பாட்டு பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பாடியது அண்ணி, அதாவது அப்போது அவன் மனைவியாக இருந்தவள். அதற்கு ஐந்து வருஷம் கழித்து அண்ணிக்குத் தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது, கூடவே ஒரு நரம்பும் அடிபட்டுக் குரலும் போனது. இப்போது அவள் பேசினால் காகிதத்தைத் தரையில் இழுப்பது மாதிரி வரும். ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷத்துக்குள் அண்ணன் வேறொரு பாடகியைப் பிடித்துவிட்டான். அண்ணி ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. பெண்ணைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கடுகளவு திருகாணிகளை முடுக்கும் வேலை. அங்கே பேச வேண்டியதில்லை.

பிரிந்த பிறகும் எனக்கு அவள்தான் அண்ணி. புதிதாக வந்தவளை அப்படிக் கூப்பிடச் சொல்லி அம்மா எவ்வளவோ நச்சரித்துப் பார்த்தாள். என் வாயில் வரவில்லை. மனசுக்குள் அவளுக்குப் புதுசு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு காலையில் அண்ணன் கையைத் தேய்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவன் கையைத் தேய்த்தால் யாருக்கோ கேடு என்று அர்த்தம். அந்தப் பாட்டிலிருந்து பழைய குரலை எடுத்துவிட்டு, அதே இசையின் மேல் புதுசைப் பாட வைக்க வேண்டுமாம். அப்புறம் பழைய பதிவை எல்லா இடத்திலிருந்தும் இறக்கிவிட்டு இதை ஏற்றிவிட வேண்டுமாம். இனிமேல் அந்தப் பாட்டு என்றால் உலகத்துக்கு ஒரே குரல்தான். மேடையில் புதுசு பாடும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் பழைய பாடகியைப் பற்றிக் கேட்கிறார்களாம், அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறதாம்.

குரலும் வாத்தியங்களும் தனித்தனியாக இருந்த மூலப்பதிவு இருந்திருந்தால் அரை மணி நேர வேலை. அது இருந்த டிஸ்கைத் தன் டிவி பேட்டிகளைச் சேமிக்க இடம் போதவில்லை என்று அழித்தது இவனேதான். இப்போது மிஞ்சி இருப்பது எல்லாம் கலந்து முடித்த பாட்டு மட்டும். கலந்து போன பாலிலிருந்து தண்ணீரைப் பிரி என்கிற கதை. அதற்கும் இப்போது மென்பொருள் வந்துவிட்டது, ஆனால் அது அரைகுறையாகத்தான் செய்யும். புல்லாங்குழலைக் குரல் என்று நினைத்து இழுத்துக்கொண்டு வரும், குரலின் வாலை வயலினிலேயே விட்டுவிடும். மிச்சத்தைக் கையால்தான் சுத்தம் செய்ய வேண்டும். அண்ணனுக்கு இதில் ஒரு எழுத்துத் தெரியாது. நான் சொன்னால் நம்புவான்.

ஒரு சிக்கலும் இருந்தது. பாட்டுகளை இணையத்தில் ஏற்றி விற்கும் கம்பெனி, பழைய பதிவை இறக்க வேண்டுமானால் அதில் பாடியவரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான் அண்ணன். முதலில் குரல் வெளியே வருமா என்று சொல்லு என்றான். இரண்டு நாள் டைம் கேட்டேன்.

அன்று மதியமே அண்ணி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்க வரும் அவள் பெண் முந்தின நாள் எதையோ கேட்டுக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கிறது. அண்ணி போனில் பேசவே மாட்டாள், எழுதித்தான் அனுப்புவாள். அந்த இழுபடும் குரலைக் கேட்டதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

"அந்தப் பாட்டுலேருந்து என் குரலை எடுத்துட முடியுமாமே. நிஜமா?"

நான் போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

"எனக்கு வேற எங்கயும் குரல் இல்ல. அதுல மட்டும்தான் இருக்கு. அது உனக்குத் தெரியும்."

"நீங்க கவலைப்படாதீங்க அண்ணி. முடியலன்னு சொல்லிடறேன். அவனுக்கு என்ன தெரியும், நான் பொய் சொன்னா கண்டுபிடிக்கவா போறான்?"

அவள் சிரித்தது மாதிரி இருந்தது. எனக்காகப் பொய் சொல்ல ஒரு ஆளாவது இருக்கே என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஸ்டூடியோவைத் திறந்தேன். அண்ணன் பதினொரு மணிக்கு முன்னால் வரமாட்டான். முடியவில்லை என்று சொல்வதற்கு எதையும் செய்து பார்க்கவே வேண்டியதில்லை. போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினால் போதும். ஆனால் என் கை சும்மா இருக்கவில்லை. நிஜமாகவே வருமா வராதா என்று தெரிந்துகொண்டால்தானே பொய்யைச் சரியாகச் சொல்ல முடியும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் கண்டுபிடிப்பதில் எங்கள் குடும்பத்தை யாராலும் அடித்துக்கொள்ள முடியாது.

வந்தது. இவ்வளவு சுத்தமாக ஒரு குரல் உரிந்து வந்து நான் பார்த்ததே இல்லை. மென்பொருள் முக்கால் பங்கு செய்தது. மீதியை ஒலியைப் படமாகக் காட்டும் திரையில் கோடு கோடாகப் பார்த்து அழித்தேன். ஒவ்வொரு 'ச'வின் மேலும் ஒட்டியிருந்த தாளத்தட்டின் சிலிர்ப்பைத் தனியாக எடுத்துப் போட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் அண்ணி என் எதிரே தனியாக நின்றாள், பதினோரு வருஷத்துக்கு முந்தைய அண்ணி.

பல்லவியில் இரண்டாவது வார்த்தையின் நடுவில் ஒரு மூச்சு. அதற்கப்புறம் நான்கு வார்த்தை தள்ளி இன்னொன்று. வார்த்தையைப் பாதியில் உடைத்துக்கொண்டு வரும் மூச்சுகள். கேட்டதும் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. ரெக்கார்டிங்கின்போது அண்ணிக்கு எட்டு மாசம். ஒரு நாற்காலி கேட்டாள். உட்கார்ந்தால் வயிறு மடங்கும், குரல் ஏறாது, நின்றே பாடு என்றான் அண்ணன். பதினேழு டேக். ஒரு கையால் மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை இடுப்பில் முட்டுக்கொடுத்துப் பாடினாள். மூச்சு எங்கே முட்டியதோ அங்கே விட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பட்டனை அழுத்தியது நான்தான். அவன் தங்கச்சி, மூன்று வருஷமாக அவனிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவள், வாயைத் திறக்கவில்லை. பிற்பாடு அந்த மூச்சுகளின் மேல் வயலினைச் சற்றுத் தூக்கி வைத்து மறைத்தவளும் நானே. இப்போது வயலின் இல்லை. அந்த இளைப்பு பச்சையாகக் கேட்டது.

அப்படியே அழித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இன்னொரு முறை கேட்டேன், எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக. அப்போதுதான் அண்ணன் வந்தான். அவன் வாழ்நாளில் ஒரே ஒரு நாள் சீக்கிரம் வந்தான்.

ஹெட்போன் போடாமல் ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். வாசலிலேயே நின்று கடைசி வரை கேட்டான். நான் அப்போதும் சொல்லியிருக்கலாம்: இது ஒரு துண்டுதான், மற்ற இடமெல்லாம் நாசமாகிவிட்டது என்று. அவன் நம்பியிருப்பான். ஆனால் அவன் என் தோளில் கை வைத்து, உன்னை மாதிரி ஒரு கை இந்தத் தொழிலிலேயே கிடையாதுடி என்றான். பதினான்கு வருஷத்தில் அவன் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் நல்ல வார்த்தை அது. என் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததோடு நிற்கவில்லை. எந்த இடம் கஷ்டமாக இருந்தது, அதை எப்படிச் சமாளித்தேன் என்று திரையைக் காட்டிக் காட்டிப் பத்து நிமிஷம் அவனுக்கு விளக்கிச் சொன்னேன். அண்ணிக்குக் கொடுத்த வாக்கு அப்போது எனக்கு ஞாபகத்தில் இருந்தது. மறந்துபோயிருந்தாலாவது என்னை மன்னித்துக்கொண்டிருப்பேன்.

அண்ணன் அந்தத் தனிக்குரலைப் புதுசின் போனுக்கு அனுப்பிவிட்டான், இதைக் கேட்டு அப்படியே மனப்பாடம் பண்ணு என்று. பத்து நாள் கழித்து அவள் பாட வந்தாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு. நோட்டில் வரிகளை எழுதி, மூச்சு விடும் இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தாள். அவளைப் பார்த்தாலே எனக்கு எரியும் என்பதால் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவள் சோம்பேறி இல்லை. பயந்த பெண். அண்ணன் தலையைத் திருப்பினாலே நோட்டைப் பார்ப்பாள்.

முதல் டேக்கிலேயே எனக்குக் கை நின்றுவிட்டது. அண்ணியின் நெளிவு, அழுத்தம், எல்லாவற்றையும் அச்சடித்த மாதிரி கொண்டு வந்துவிட்டாள். கூடவே அந்த இளைப்பையும். இரண்டாவது வார்த்தையின் நடுவில் ஒரு திணறல், நான்கு வார்த்தை தள்ளி இன்னொரு திணறல். ஒட்டிய வயிறோடு நிற்கும் ஒரு பெண், எட்டு மாசக்காரியின் மூச்சை வாங்கி வாங்கி விட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அண்ணன் தொடையில் தட்டி ரசித்தான்.

பாடி முடித்ததும் அவள் மைக்கில் கேட்டாள்.

"அக்கா, இந்த இடத்துல ஏன் மூச்சு விடறாங்க? வார்த்தை உடையுதே. எனக்கு இங்க மூச்சு தேவைப்படல."

நல்ல கேள்வி. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் அந்தப் பக்கத்துக்குக் கேட்கும்படி பேசும் பட்டனை அழுத்தினான்.

"அதுதாம்மா ஃபீல். அந்த மூச்சுதான் பாட்டோட உயிரே. அப்ப நான் சொல்லிக் குடுத்துத்தான் அவ அப்படிப் பாடினா."

இவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. நிஜமாகவே அப்படி நம்புகிறான். பதினேழு டேக்கும் எதிரே நின்ற வயிற்றை அவன் பார்க்கவே இல்லை. பட்டன் அழுத்தியே இருக்கிறது என்று தெரிந்தும் நான் சொன்னேன்.

"எட்டு மாசம் அண்ணா. நாற்காலி கேட்டாங்க, நீ குடுக்கல. நிக்க முடியாம விட்ட மூச்சு அது."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம்கூட இல்லை.

"எதா இருந்தா என்ன. நல்லா இருக்குல்ல?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புதுசு குனிந்து தண்ணீர் குடித்தாள். அடுத்த டேக்கில் மூச்சு விடாமல் அந்த வார்த்தையை முழுசாகப் பாடினாள். அண்ணன் நிறுத்தினான். மூச்சு எங்கே என்று கேட்டான். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடியும் போட்டுப் பாடினாள். நான் அந்தக் கணத்தில் அவளை வெறுப்பதை நிறுத்திவிட்டேன். வெறுப்பு எங்கும் போகவில்லை, முழுசும் அவனுக்கே போய்ச் சேர்ந்தது.

பாட்டு முழுக்க ஒப்பேற்றிவிட்டாள், ஒரே ஒரு வரியைத் தவிர. சரணத்தில் குரல் கிடுகிடுவென்று மேலே போய், உச்சியில் நின்று, மெதுவாக இறங்கும் ஒரு வரி. அண்ணி அதில் ஏறும்போது நாம் நம்மை அறியாமல் தலையைத் தூக்குவோம். புதுசுக்கு அந்த உச்சி எட்டவில்லை. இருபது தடவை முயன்றாள். கடைசியில் குரல் கிழிந்து இருமினாள். அண்ணன் பெருந்தன்மையாக, போதும் போய் ஓய்வெடு என்று அனுப்பிவிட்டான். அவள் படியிறங்கின சத்தம் அடங்கியதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அந்த ஒரு வரியில பழையதையே வெச்சுடு. இவ குரல் மாதிரி கொஞ்சம் தேச்சு விடு. யாருக்குத் தெரியப் போகுது?"

அண்ணியை முழுசாக அழிக்க வேண்டும், ஆனால் அவளில்லாமல் பாட்டு ஏறவும் மாட்டேன் என்கிறது. பெயரைத் துடைத்துவிட்டுத் தொண்டையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறான். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. மாட்டேன் என்றேன். உன் கையில் வராது என்றால் கீழ் மாடி ஸ்டூடியோக்காரனிடம் கொடுத்துக்கொள்கிறேன் என்றான். கீழ் மாடிக்காரன் ஒரு கசாப்புக்காரன். அவன் கை பட்ட குரலெல்லாம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வரும். அண்ணியின் அந்த வரி அவன் கையில் சிக்குவதா என்று எனக்கு ரோஷம் வந்தது. அந்த ரோஷத்தில் நானே செய்தேன். முன்பே சொன்னேனே, எங்கள் குடும்பத்துக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

இரண்டு நாள் ஆனது. எழுத்துகளின் தொடக்கத்தை, அந்த 'ப'வையும் 'க'வையும் 'த'வையும், புதுசின் டேக்குகளிலிருந்து வெட்டி எடுத்தேன். அவற்றுக்குப் பின்னால் நீளும் ஒலியை அண்ணியிடமிருந்து எடுத்து ஒட்டினேன். ஒருத்தியின் உதடு, இன்னொருத்தியின் தொண்டை. அண்ணியின் குரலில் இருந்த கனத்தைக் குறைத்து, புதுசின் மெல்லிய பளபளப்பைப் பூசினேன். உச்சியிலிருந்து இறங்கும்போது, களைப்பினால் அண்ணியின் குரல் லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தையும் இழுத்து நேராக்கினேன். கடைசியில் போட்டுக் கேட்டபோது ஒட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. நான் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

அடுத்து அந்தக் கையெழுத்து. அம்மா போன் செய்து தேனாகப் பேசினாள். அவளால் இனிமேல் பாடவா முடியப் போகிறது, சும்மா கிடக்கிற பாட்டைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும், நீ போய்ப் பக்குவமாகச் சொன்னால் கேட்பாள், உன்மேல் அவளுக்கு உயிர். அண்ணன் கடிதத்தை அடித்து, ஒரு உறையில் போட்டு, முடிந்த பாட்டையும் என் போனில் ஏற்றிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். ஆனால் நான் போனது கையெழுத்து வாங்க அல்ல. நடந்ததையெல்லாம் சொல்லி, அண்ணி, செத்தாலும் இதில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லத்தான் போனேன். அவள் போடாவிட்டால் பழைய பாட்டு அப்படியே இருக்கும். நான் செய்த அத்தனை அசிங்கமும் குப்பைக்குப் போகும்.

அது அவளுக்கு விடுமுறை நாள். மாடியில் இரண்டு சின்ன அறை. ஜன்னலோரத்து மேஜையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் ஒரு பழைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் போட்டிருந்தாள். பெண் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எடுத்துட்ட, இல்ல?"

ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். செய்து பார்க்க மட்டும்தான் நினைத்தேன், வந்துவிட்டது, அவன் கேட்டுவிட்டான் என்று உளறினேன். அவள் திட்டினால் நன்றாக இருந்திருக்கும். தொழில் தெரிந்தவள் நீ, உன் கை எப்படிச் சும்மா இருக்கும் என்று சொல்லிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தப் புதுப் பாட்டைக் கேட்க வேண்டும் என்றாள். வேண்டாம் அண்ணி என்றேன். அவள் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

பல்லவியில் அந்த மூச்சு வந்த இடத்தில் அவள் புருவம் ஏறியது. இரண்டாவது மூச்சு வந்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், சத்தமில்லாமல், தோள் குலுங்க.

"பாவம், அந்தப் பொண்ணுக்கும் எட்டு மாசமா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. இதை வைத்தே நாங்கள் இரண்டு பேரும் அவனை நாறடித்துவிட்டு, உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம். அதற்குள் சரணம் வந்துவிட்டது. அண்ணியின் சிரிப்பு நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் கிடந்த கை தானாக மேலே எழும்பி, உச்சியில் ஒரு கணம் நின்று, மெதுவாக இறங்கியது. வரியைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். அப்புறம் மறுபடியும். ஹெட்போனைக் கழற்றி வைத்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"மத்ததெல்லாம் என்னைப் பார்த்து எழுதின காப்பி. இந்த வரி அப்படி இல்ல. இது எனக்கே இப்படி வரல. நின்னு, அசையாம, என்ன சுகமா இறங்குது பாரு."

"அண்ணி, அது நீங்கதான்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"அந்த வரி அவளுக்கு எட்டல. உங்க குரலைத்தான் வெச்சிருக்கேன். எழுத்து தொடங்கற இடம் மட்டும் அவளோடது. மிச்சமெல்லாம் நீங்க."

அண்ணி எழுந்து தன் போனை எடுத்து வந்தாள். பழைய பாட்டில் அதே வரியைத் தேடிப் போட்டாள். அடுத்து என் போனில் இது. மாற்றி மாற்றி நான்கு தடவை. கண்ணாடிக் கடையில் இரண்டு வில்லைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாளே, அந்தக் கவனத்தோடு கேட்டாள். அவளுக்குத் தெரிந்துவிடும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு வருஷம் பாடியவள், தன் குரல் அவளுக்குத் தெரியாமல் போகுமா?

"இல்லடி. இங்க கேளு, இறங்கற இடத்துல நான் நடுங்கறேன். இவ நடுங்கல. என் குரல் கனம், இது அப்படி இல்ல. இது நான் இல்ல."

"நடுக்கத்தை நான்தான் எடுத்தேன் அண்ணி. கனத்தையும் நான்தான் குறைச்சேன்."

"எனக்காகப் பொய் சொல்றேன்னு அன்னிக்கே சொன்ன. இப்பவும் எனக்காகத்தான் சொல்ற. வேணாம். எனக்குக் காது இன்னும் போகல."

ஸ்டூடியோவுக்கு வாருங்கள், துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். அந்த அறைக்குள் இன்னொரு தரம் வந்து நிற்கத் தெம்பு இல்லை என்றாள். உறை எங்கே என்று கேட்டாள். நான் கொண்டுவரவில்லை என்றேன். என் பையின் வாய் வழியாக அதன் முனை வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அவளே எடுத்தாள். ஒரு முறை நிதானமாகப் படித்தாள். மேஜைமேல் கிடந்த திருகாணிகளை ஓரமாக ஒதுக்கி இடம் செய்துகொண்டாள்.

இத்தனை நாள் கொடுக்க மனசு வராமல் இருந்ததற்குக் காரணம், கெடுத்துவிடுவார்களோ என்ற பயம்தான் என்றாள். அந்த வரியை இவ்வளவு நன்றாகப் பாட ஒருத்தி வந்துவிட்ட பிறகு, குரல் போன தான் அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தால் அது பொறாமை என்று சொன்னாள். சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். தாளை நான் பிடுங்கிக் கிழித்திருக்கலாம்தான். இன்னொரு தாளில் இன்னொரு கையெழுத்தைத் தபாலில் அனுப்பியிருப்பாள். அவள் மனசு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அந்த முடிவுக்கு அவளைக் கொண்டு வந்து விட்டது அண்ணன் இல்லை, அம்மா இல்லை, நான் நேராக்கிய அந்த ஒரு வரி.

உறையை என் கையில் கொடுத்தாள். வாசல் வரை வந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் கிழிந்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சிரமப்பட்டுச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. அந்த வரி ரொம்ப நல்லா இருந்துதுன்னு நான் சொன்னேன்னு."

சரி அண்ணி, சொல்றேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.